ஓலைக்கு இரண்டு நாள், களிமண்ணுக்கு ஒரு கிழமை: வன்னியில் ஓர் ஊர்க் கலைக்கூடம்

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், விசுவமடுவைத் தாண்டிப் புதுக்குடியிருப்பு வருவதற்கு முன்னால், பிரதான வீதியை விட்டு ஒரு கிறவல் ஒழுங்கை பிரிகிறது. அதன் உள்ளே, வேப்ப மரங்களுக்கு நடுவில் இருக்கிறது இந்தக் கலைக்கூடம். கிடுகு வேய்ந்த கொட்டிலில் பனை ஓலை வேலை, தகரக் கூரையின் கீழ் மண் வேலை, ஒரு சிறிய அறையில் பிள்ளைகளுக்கு ஓவியம், முற்றத்து மணலில் சனி இரவுகளில் கூத்துப் பழக்கம். நடத்துகிறவர்கள் ஊர்ப் பெண்களும் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரும். நிறையோடு குறையும் சேர்த்தே இங்கே எழுதுவதால் பெயரைப் போடவில்லை. வீதியோரக் கடையில் கேட்டால் வழி காட்டுவார்கள்.

போக வேண்டிய இடம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் விடுமுறையில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். காலை பதினொரு மணிக்கு வாகனத்தில் வந்து இறங்கி, பிள்ளைகளை மண் சக்கரத்தில் இருத்திப் படம் எடுத்து, ஒரு மணிக்குச் சாப்பாடு தேடிப் புறப்படுகிறார்கள். செய்த சட்டி அங்கேயே நின்றுவிடும், காயும், வெடிக்கும். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் ஓலை வேலையை எடுக்க வேண்டும். ஒரு கிழமை அந்தப் பக்கம் தங்குகிறவர்கள் மட்டும் மண்ணில் கை வைக்கலாம். அரை நாள்தான் இருக்கிறது என்றால் சனி பின்னேரம் போய்க் கூத்துப் பழக்கம் பாருங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்குப் பரந்தனும் கிளிநொச்சியும் வசதி. பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ் பிடிக்கலாம். பரந்தனுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே ஏறத்தாழ 50 கி.மீ. தூரம், கூடம் அதன் நடுப்பகுதியில் வருகிறது. பஸ்ஸால் இறங்கி ஒழுங்கையில் நடக்கும் தூரம் அதிகமில்லை. ஆனாலும் ஆவணி வெயிலில் குழந்தைகளோடு நடப்பதென்றால் ஓட்டோ பிடிப்பது நல்லது. காசைக் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ எடுத்து வாருங்கள். இங்கே அட்டை இயந்திரம் இல்லை.

ஓலை வேலையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்தக் கூடத்தின் உயிர் அதில் இருக்கிறது. தரமான பெட்டிக்குக் குருத்தோலை வேண்டும். விரியாத வெளிர் ஓலையைக் குருத்தாகவே வெட்டி, வெயிலில் சில நாள் காயவிட்டு எடுக்கிறார்கள். விரிந்து பச்சை ஏறிய சார்வோலை பாய்க்கும் கடகம் என்ற பெரிய கூடைக்கும் பாவிக்கலாம், சின்னப் பெட்டிக்கு முரடு. ஒரு மரத்தில் இருந்து ஒரு தடவைக்கு ஒரு குருத்துக்கு மேல் இங்கே எடுப்பதில்லை. பனைக்கு வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்றுதான். அது போனால் மரம் போயிற்று, பக்கத்தில் துளிர்க்காது. விதை போட்டு ஒரு பனை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் பொறுக்க வேண்டும். தலை இல்லாமல் மொட்டையாக நின்ற பனைகளைப் போருக்குப் பிறகு பார்த்த ஊர் இது. அதனால் குருத்தை எண்ணித்தான் வெட்டுகிறார்கள். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஓலையைத் தாராளமாகத் தராமல் அளந்து கொடுப்பதற்கும் இதுவே காரணம். அதைக் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் கையில் தருவது சத்தகம். சிறு கத்தி, அதன் வால் ஊசி போலக் கூர்மையாக இருக்கும். கத்திப் பக்கத்தால் ஈர்க்கைக் கழித்து ஓலையை நீளக் கீற்றுகளாக, அதாவது வார்களாக, வாருகிறோம், கூர்ப் பக்கத்தால் இழையைத் தூக்கி அடுத்த வாரைச் செருகுகிறோம். பழகாதவர்கள் வார்களை ஒரே அகலத்தில் எடுக்க முடியாமல் திணறுவது இந்தக் கட்டத்தில்தான். ஓலையை இழுத்துக் கத்தியை அசையாமல் பிடித்தால் நேராக வரும். கத்தியை ஓட்டினால் கோணும். ஒரு மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருபது வார் சேரும்போது பெட்டி சரிந்து நிற்கும்.

புதியவர்களுக்கு இவர்கள் கொடுக்கும் பாடம் ஒரு சின்னச் சதுரப் பெட்டி. 5 மி.மீ. அகலத்தில் நெடுக்கு 24 வார், குறுக்கு 24 வார், மொத்தம் 48. ஒவ்வொன்றும் 45 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். குறைந்தால் 8 செ.மீ. உயரத்துக்குப் பிறகு விளிம்பு மடிக்க ஓலை போதாது. ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக இழைத்தால் 12 செ.மீ. சதுரம் வரும். பெட்டியின் அடி அதுவல்ல. ஒவ்வொரு பக்கத்திலும் 12ஆவது வாருக்கும் 13ஆவது வாருக்கும் நடுவில் மூலை முடக்க வேண்டும். முடக்கியதும் சதுரம் கோணல் திரும்பி, ஒரு பக்கம் 8.5 செ.மீ. உள்ள அடியாகச் சுருங்கும். தொடக்கத்தில் எல்லோருக்கும் ‘அளவு பிழைத்துவிட்டதே’ என்று தோன்றும் இடம் இது. பிழைக்கவில்லை, சாய்வாக இழைப்பதன் கணக்கு அப்படி. வார்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டியதும் இதற்காகத்தான், ஒற்றைப்படை என்றால் நடு கிடைக்காது.

ஓலையின் அடி அகலம், நுனி ஒடுக்கம். வார்களை அடுக்கும்போது அடியும் நுனியும் மாறி மாறி வரவேண்டும். எல்லா நுனியும் ஒரு பக்கமாகிவிட்டால் அந்தப் பக்கச் சுவர் உள்ளே சாயும். மினுக்கமான முகம் வெளியே இருக்க வேண்டும். ஈரத்தில்தான் அதிகம் பேர் பிழைவிடுகிறார்கள். காய்ந்த ஓலையை மூலையில் முடக்கினால் உடையும் என்று பயந்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு விடுகிறார்கள். ஊறிய ஓலை உப்பும். உப்பியதை இறுக்கி இழைத்தாலும் காயும்போது சுருங்கி இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். நனைத்துப் பிழிந்த துணியில் அரை மணி நேரம் சுற்றி வைத்தால் போதும்.

எவ்வளவு கவனமாக ஈரம் காட்டினாலும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். அதனால்தான் இரண்டு நாள் ஒதுக்கச் சொல்கிறோம். முதல் நாள் அடியும் சுவரும் இழைத்து இரவு காயவிட வேண்டும். மறுநாள் வெள்ளன, சத்தகத்தின் கூரால் அடியின் நடுவில் இருந்து வெளிநோக்கி ஒவ்வொரு வாராக இழுத்து இறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும், பொறுமையைச் சோதிக்கும் வேலை. அது முடிந்த பிறகுதான் விளிம்பு. மேலே மிஞ்சிய வார்களை உள்ளே மடித்து மூன்று நான்கு இழை செருகி வெட்டுவது ஒரு முறை. உள்ளே ஈர்க்குக் கற்றை வைத்து, ஊறவைத்த மட்டை நாரால் சுற்றிப் பொத்துவது இன்னொரு முறை. இரண்டாவதைக் கேளுங்கள். நேரம் கூடுதல், ஆனால் தூக்கிப் பாவிக்கும் பெட்டிக்கு அதுதான் பலம். ஒரே நாளில் முடித்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு, இறுக்கும் வேலையைத் தவிர்த்து முதல் முறையில் விளிம்பு மடித்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பெட்டி ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும். இதைச் சொல்லிவிட்டுச் செய்து கொடுத்தால் நல்லது, சொல்வதில்லை.

சொல்லித் தருகிற அம்மாமார் அதிகம் கதைப்பதில்லை, கையைப் பார்த்துப் பழகச் சொல்வார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது முதலில் குழப்பம். ‘அம்மா, ஒருக்கா அவிழ்த்துக் காட்டுங்கோ’ என்று கேட்டால் முகம் சுளிக்காமல் அவிழ்த்து மீண்டும் இழைத்துக் காட்டுகிறார்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பெட்டி வேண்டாம், சத்தகம் கூர்மை. கிளியும் பந்தும் விசிறியும் செய்யத் தனியாக ஒருவர் இருக்கிறார்.

சாயம் போடுவதையும் பார்க்கலாம். கொதிக்கும் தண்ணீரில் சாயத்தூளும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டு, முன்பே நனைத்த ஓலையை அமுக்கிப் பதினைந்து இருபது நிமிடம் வேகவிட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் காயவிடுகிறார்கள். நனைக்காமல் போட்டால் திட்டுத் திட்டாக ஏறும். வெயிலில் காயவிட்டால் நிறம் வெளிறும். அலசுவதில் அவசரப்பட்டால் கையில் ஒட்டும். சந்தைச் சாயம் போட்ட ஓலையைச் சாப்பாட்டோடு சேர்க்கக்கூடாது. விற்பனைப் பகுதியில் சிவப்பும் பச்சையும் கலந்த நீத்துப்பெட்டிகளும் தொங்குகின்றன. அலங்காரத்துக்கு வாங்கலாம், புட்டு அவிக்க வாங்காதீர்கள். சாயம் போடாத வெள்ளை நீத்துப்பெட்டி உள்ளே இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். இந்தக் குறையை அவர்களே திருத்த வேண்டும்.

மண் வேலைக்கு வருவோம். குளத்துக் களியை எடுத்துக் காயவைத்து, இடித்து, அரித்து, ஊறவைத்து, மெல்லிய மணல் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். அரிப்பதில் இவர்கள் கவனம். சிப்பித் துண்டோ சுண்ணாம்புக் கட்டியோ உள்ளே கிடந்தால் சூளையில் ஒன்றும் தெரியாது. வெளியே எடுத்துச் சில நாளில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, சட்டியில் ஒரு சில்லைத் தெறிக்கவைக்கும். கடற்கரைக்குக் கிட்டிய மண்ணில் இந்த ஆபத்து அதிகம்.

சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தப் பழகவே பல நாள் வேண்டும். ஒரு மணி நேரத்தில் வரும் சட்டி, கூட இருக்கும் ஐயாவின் கை செய்த சட்டிதான். பிள்ளைகளுக்கு அந்தத் தொடுகை பிடிக்கும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தாங்களே ஒன்றைச் செய்ய விரும்புகிறவர்கள் சக்கரத்தை விட்டு, மண்ணைத் திரியாக உருட்டி வளையம் வளையமாக அடுக்கும் முறையைக் கேளுங்கள். திரிகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளியே மட்டும் தடவி விட்டால் காயும்போது வளையம் வளையமாகவே பிரியும். இரண்டு முகத்தையும் கீறி, கரைத்த களி பூசி, உள்ளும் புறமும் இழுத்துத் தேய்க்க வேண்டும். யானை, மாடு செய்கிற பிள்ளைகள் வயிற்றைக் கட்டியாக விட்டுவிடுவார்கள். ஒரு விரல் தடிப்புக்கு மேல் எங்கும் இருக்கக்கூடாது, உள்ளே குடைந்து ஓர் ஓட்டையும் விட வேண்டும். இல்லாவிட்டால் உள் ஈரம் சூளையில் ஆவியாகி வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் மற்றவர் வேலையையும் உடைக்கும்.

காயவைப்பதற்கு நிழலில் ஐந்து முதல் ஏழு நாள். ஆவணி மாதம் வீசும் சோளகக் காற்று சட்டியின் வாயை ஒரு நாளில் காயவைத்துவிடும், அடி ஈரமாகவே இருக்கும். வாய் சுருங்க, அடி விட்டுக்கொடுக்காமல் நிற்க, நடுவே பிளவு ஓடும். ஈரச் சாக்கால் வாயை மூடி, தொட்டால் கை ஒட்டாத பதம் வந்ததும் கவிழ்த்து வைக்க வேண்டும். காய்ந்து சுட்டு முடியும்போது அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். தேத்தண்ணிக் கோப்பை செய்கிறவர்கள் அதைக் கணக்கில் எடுத்துப் பெரிதாகச் செய்யுங்கள். சூளை தினமும் எரிவதில்லை, சாமான் சேர்ந்த பிறகுதான் அடுக்குவார்கள். மாரியில் விறகும் நிலமும் ஈரம் என்பதால் பெரும்பாலும் எரிப்பதே இல்லை. ஆகவே முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள்: அடுத்த சூளை எப்போது, என் சாமானை யார் பார்த்துக் கவிழ்த்து வைப்பார்கள். இந்த இரண்டையும் வாசல் பலகையில் எழுதிப் போட்டாலே பாதிப் பேரின் ஏமாற்றம் குறையும். கட்டணத்தை எழுதியிருக்கிறார்கள், இதை எழுதவில்லை.

சுட்ட சட்டியை வாங்குகிறவர்கள் விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்று, மொத்தென்று கேட்டால் எங்கோ வெடிப்பு. கறிச்சட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, கஞ்சித் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பழக்கிவிட்டுப் பாவியுங்கள்.

ஓவிய அறை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கான வார இறுதி வகுப்பு அது, பார்வையாளர்களுக்கு அல்ல. சுவரில் ஒட்டிய படங்களை நின்று பாருங்கள், படம் எடுத்துப் பிள்ளைகளின் பெயரோடு இணையத்தில் போடாதீர்கள். வர்ணப் பெட்டி, தூரிகை, தடித்த தாள் கொண்டுபோய்க் கொடுத்தால் உடனே பயன்படும்.

கூத்துக்கு வருவோம். முல்லைத்தீவு கோவலன் கூத்துக்குப் பெயர்பெற்ற மண். கண்ணகி வழிபாட்டோடு ஒட்டிய கூத்து அது, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காத்தவராயன் கூத்தும் வன்னி முழுக்க ஆடப்படுகிறது. மேற்கே மன்னாருக்குப் போனால் கத்தோலிக்க ஊர்களில் வடபாங்கு, தென்பாங்கு, வாசாப்பு என்று வேறு மரபு. இங்கே சனி இரவு நடப்பது பழக்கம்தான், மேடையேற்றம் அல்ல. வேடமும் முடியும் இருக்காது. சாரத்தோடும் சேட்டோடும் ஆடுவார்கள், பிழைத்த இடத்தில் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடக்குவார். கூத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இரவு கிடையாது. பாத்திரம் அரங்குக்கு வரும்போது பாடும் ஒரே வரவுப் பாட்டை நாலு தரம் கேட்கும்போதுதான் ஆடுகிறவர் பாடி விட்ட அடியைப் பிற்பாட்டுக்காரர் எங்கே ஏந்துகிறார்கள் என்பது காதில் விழும்.

அண்ணாவியாரின் பக்கமாக, மத்தளத்துக்குச் சற்றுப் பின்னால் இருங்கள். எதிரே இருந்தால் ஆட்டக்காரரின் முகம் தெரியும், ஆனால் காலும் தாளமும் பொருந்துவது தெரியாது. மத்தளத்துக்கும் ஆடுகிறவருக்கும் குறுக்கே நடக்க வேண்டாம். கைபேசி வெளிச்சத்தை அடிக்காதீர்கள், மணலில் சுழன்று ஆடுகிறவரின் கண் கூசினால் கால் பிசகும். தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் புதியவர்களுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறார்கள். தாளக்கட்டு என்ற தாளச் சொற்களை முதலில் வாயால் சொல்லவைத்து, பிறகு கையால் போடவைத்து, கடைசியாகத்தான் காலுக்கு விடுகிறார்கள். நல்ல ஒழுங்கு. வாயில் நிற்காத தாளம் காலில் நிற்காது. முழங்காலை விறைத்துக்கொண்டு மிதித்தால் மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சற்று மடித்து, பாதம் முழுவதும் மணலில் படும்படி மிதியுங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முன்பு பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய மரபில் இது நல்ல மாற்றம்.

இனி வாங்குவது. கடகத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள், அடியில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தால் இறுக்காத வேலை. உள்ளே மூக்கை வைத்து மணந்து பாருங்கள். பூஞ்சண மணம் இருந்தால் மாரியில் இழைத்து ஈரத்தோடு அடுக்கியது, கழுவினாலும் போகாது. விளிம்பு மடிப்பில் மாத்தூள் போல ஏதும் உதிர்ந்தால் பூச்சி இருக்கிறது. பன்பாய் வாங்குகிறவர்கள் சுருட்டி விரித்துப் பாருங்கள், மடிப்பில் புல் முறியக்கூடாது. பேரம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு கடகத்துக்கு வாருவது, இழைப்பது, பொத்துவது என்று ஒரு நாளுக்கு மேற்பட்ட உழைப்பு போகிறது. ஆனால் எது இங்கே செய்தது, எது வெளியில் வாங்கி வைத்தது என்று கேட்பதில் தப்பில்லை. இரண்டும் ஒரே தட்டில் கலந்து கிடக்கின்றன, கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள்.

அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் ஓலைச் சாமானை விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். காய்ந்து சுத்தமாக, பூச்சியோ விதையோ இல்லாமல் இருந்தால் பார்த்துவிட்டு விடுவது வழக்கம். மறைத்தால் தண்டம். சுடாத களிமண் பொம்மையைக் கொண்டுபோக நினைக்காதீர்கள், அது அவர்கள் கணக்கில் மண்தான்.

வசதிகள் சுமார். கழிப்பறை ஒன்றுதான், சுத்தமாக வைத்திருக்கிறார்கள். ஓலைக் கொட்டிலில் நண்பகலிலும் இருக்க முடியும், மண் கொட்டிலின் தகரக் கூரை பன்னிரண்டில் இருந்து மூன்று மணிவரை ஆளை அவித்துவிடும். மண் வேலையைக் காலை ஏழரைக்கே தொடங்கக் கேளுங்கள், ஒத்துக்கொள்வார்கள். மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் வந்தவுடன் சொல்ல வேண்டும். வாசலில் இரண்டு உயரப் படியும் முற்றம் முழுக்க மணலும் இருப்பதால் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஆள் துணை இல்லாமல் முடியாது. ஒரு சாய்தளம் போட அதிக செலவாகாது, போட வேண்டும். முதியவர்கள் பாயில் குந்தி இருக்க முடியாவிட்டால் கதிரை கேளுங்கள். ஆனால் பெட்டியின் அடி போடும்போது மட்டும் முன்னால் ஒரு பலகை வைத்துக்கொள்ள வேண்டும், மடியில் வைத்து அடி போட்டால் சதுரம் வராது.

வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் கூடம் பூட்டியிருக்கும், எல்லோரும் கோயிலில். மாரியில், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, மண் வேலையை எதிர்பார்த்து வர வேண்டாம். அந்த மாதங்களில் ஓலை இழைப்பது நடக்கும், காய்வதற்குத்தான் கூடுதல் நாள் தேவை. கூத்துக்கு நிற்கிறவர்கள் நுளம்புக்குக் காலை மூடி உடுத்துங்கள். பழக்கம் முடியும் நேரத்தில் வீதியில் பஸ் இராது, பகலிலேயே ஓர் ஓட்டோக்காரரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லி அவருடைய இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.